சம்பந்தியின் காலில் வெள்ளித் துணி

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. ஐந்தும் உப்பில் வளர்ந்தவை. மரக்காணம் உப்பளத்தில் நாற்பது வருஷம் உப்பு வாரியவள் நான். எழுத்து, அங்கே வேலை முடிந்து சாயங்காலம் நடந்த முதியோர் வகுப்பில் வந்தது. ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் எழுதுவேன். விழுப்புரம் போய்வந்ததைவிட அதை எழுதுவதற்கு எனக்கு அதிக நாள் ஆயிற்று. ஆகட்டும். எனக்கு வேறு அவசரம் இல்லை.

விழுப்புரம் எனக்கு வெளிநாடு மாதிரி. திண்டிவனம் வரைக்கும் வருவேன், மகள் வீடு அங்கே இருக்கிறது. அதற்கு அப்பால் போக எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. இந்த முறை வேலை வந்தது, அதுவும் என் சம்பந்தியின் காலில் வந்தது.

மகள் தேவகி போன் செய்தாள். "அம்மா, அத்தைக்குக் கால் புண்ணு மூணு மாசமா ஆறவே மாட்டேங்குது. சீழ் வச்சு நாத்தம் வருது. அவரும் குவைத்துல கீறாரு. எனக்குச் செருப்புக் கம்பெனியில லீவு தர மாட்டேங்கறான். நீ வந்து இட்டுக்கினு போனாத்தான் ஆச்சு."

அத்தை என்றால் அவள் மாமியார், என் சம்பந்தி அஞ்சலை. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பும் நெல்லும் போட்ட குடும்பம். இப்போது தேவகியோடு திண்டிவனத்தில் இருக்கிறாள். வயசு எழுபது. சர்க்கரை வியாதி. என் பேத்தி இலக்கியாவுக்கு நாங்கள் இரண்டு பேருமே ஆயா. குழப்பம் வேண்டாம் என்று சின்ன வயசிலேயே அவள் பிரித்துக்கொண்டாள். நான் உப்பாயா, அவள் கரும்பாயா.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் புரியாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு இந்த அஞ்சலை என் மகளின் காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் காலையும் பார்த்தாள். "உப்பளத்துக் காலு, எங்க கழனியில எப்படித்தான் எறங்குமோ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் காதில் இருக்கிறது.

*

முதல் நாள் திண்டிவனத்தோடு முடிந்தது. அதுவரை புண்ணைக் கழுவிக் கட்டிக்கொண்டிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி வாங்கினோம். அங்கே ஒரு கம்பவுண்டர், பை மாதிரி தொங்கிய ஒன்றிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிப் புண்ணைக் கழுவினார். வலது காலில், சுண்டு விரலுக்குக் கீழே, என் கட்டைவிரல் முழுசாக நுழைகிற அளவுக்குக் குழி. நான் கேட்டேன், "அது இன்னா தண்ணிப்பா?"

"சலைன், ஆயா. உப்புத் தண்ணிதான். சுத்தமா பண்ணி வச்சிருக்கிற உப்புத் தண்ணி."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "கேட்டுக்கினீங்களா சம்மந்தி? உப்புத் தண்ணியாம். உங்க காலுக்கு எங்க உப்புதான் தேவப்படுது."

சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கழுவறதுக்குத்தானே? ஆறவைக்கலியே. மூணு மாசமா இதால கழுவிக்கினுதானே கீறாரு."

சரியான வாய் அவளுக்கு.

*

இரண்டாம் நாள் விடியற்காலையில் கேப்பங்கூழ் குடித்துவிட்டுக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கினேன். உப்பு பத்தவில்லை. எங்கே போனாலும் என் சுருக்குப் பையில் கொஞ்சம் கல்லுப்பு முடிந்து வைத்திருப்பேன். இரண்டு கல்லை நுணுக்கித் தூவினேன். சம்பந்தி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பாதிப் பொட்டலத்தைத் தின்றாள்.

நாங்கள் ஏறியது ஊருக்குள் போகாத பஸ். கண்டக்டர் அதை ஏறும்போது சொல்லவில்லை, இறக்கிவிடும்போது சொன்னார். பைபாஸ் பாலத்துக்குக் கீழே நின்றோம். ஆட்டோ ஒன்றுமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சம்பந்தி ஒற்றைக் காலில் நின்றபடி, "உங்கள நம்பி வந்தேன் பாருங்க, பேஜாரா பூட்ச்சு" என்றாள். "பஸ்ஸ நானா ஓட்டினேன்?" என்றேன்.

தண்ணீர் கேன் ஏற்றிய குட்டி யானை வண்டி ஒன்று நின்றது. டிரைவர் சம்பந்தியை முன்னால் உட்கார வைத்தார், என்னைப் பின்னால் கேன்களுக்கு நடுவில். "கேன் உருண்டா காலால தடுத்துக்குங்க ஆயா. உள்ள எல்லாம் சுத்தமான தண்ணி, ஒரு தூசு கிடையாது" என்றார். சுத்தமான தண்ணீருக்கு நடுவில் குலுங்கிக்கொண்டு விழுப்புரத்துக்குள் நுழைந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரி பெரியது. எங்கள் உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி வரப்பு இருக்கும், வரப்பைப் பிடித்துப் போனால் எங்கேயாவது போய்ச் சேரலாம். இங்கே கதவுக்குப் பின்னால் கதவு. மூன்று முறை ஒரே நாற்காலிக்கு வந்து சேர்ந்தோம். கடைசியில் கால் புண் பார்க்கிற இடம் கிடைத்தது. டாக்டரம்மாவுக்கு என் கடைசி மகள் வயசு இருக்கும். புண்ணை ஒரு கம்பியால் தொட்டுப் பார்த்தார், செத்த சதையை வெட்டி எடுத்தார், பஞ்சில் சீழைத் தொட்டுச் சோதனைக்கு அனுப்பினார், மாத்திரை எழுதினார். பிறகு ஒரு உறையைப் பிரித்து நீலமும் சாம்பலுமாக ஒரு துணியை எடுத்தார்.

"இதுல வெள்ளி இருக்கு" என்றார்.

நானும் சம்பந்தியும் ஒரே நேரத்தில் குனிந்தோம். ஒரு மினுக்கம்கூட இல்லை.

"எங்கம்மா வெள்ளி?" என்றாள் சம்பந்தி.

"கண்ணுக்குத் தெரியாதும்மா. நானோன்னு சொல்லுவாங்க. உங்க தலைமுடி ஒண்ண எடுத்து நீட்டுவாக்குல ஆயிரமாப் பொளந்தா எவ்வளவு சன்னமா இருக்கும்? அவ்வளவு சின்னச் சின்ன வெள்ளித் துகள். ஈரம் பட்டா அதுலேர்ந்து வெள்ளி கொஞ்சங்கொஞ்சமா எறங்கி, புண்ணுல இருக்கிற கிருமியக் கொல்லும். நாள் கணக்குல எறங்கிக்கிட்டே இருக்கும். அதனால தினம் பிரிக்க வேணாம்."

தலைமுடியை ஆயிரமாகப் பிளக்கிற ஆள் யார், எந்தக் கத்தியால் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியின் யோசனை வேறு. "இந்தத் துணிய அப்பறம் கழட்டுவீங்களே, அத என்னாண்ட குடுத்துடுவீங்களா?" என்றாள்.

"எதுக்கு?"

"வெள்ளியாச்சே."

பக்கத்தில் நின்ற சிஸ்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "பாட்டி, அது மஞ்சப் பையில கட்டி எரிக்க அனுப்பற ஆஸ்பத்திரிக் குப்பை. உருக்கினாலும் ஒரு மூக்குத்தி தேறாது" என்றார்.

பிறகு சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். வீட்டில் செய்யவேண்டியதைச் சொன்னார். எட்டாம் நாள் வர வேண்டும். அதுவரை உள்துணியைத் தொடக் கூடாது. ஒன்று விட்டு ஒரு நாள் மேல்கட்டை மட்டும் பிரித்துப் பார்த்து, உள்துணி காய்ந்திருந்தால் அவர் கொடுக்கிற பாட்டில் தண்ணீரைத் தெளித்து ஈரமாக்கி, புதுப் பஞ்சு வைத்துக் கட்ட வேண்டும். எண்ணெய் கூடாது. மஞ்சள் கூடாது.

"உப்புத் தண்ணி கூடவே கூடாது" என்றார். "அதுதான் முக்கியம். உங்க ஊர் நர்ஸம்மாவ வந்து கட்டச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? அஞ்சு புள்ளைங்களுக்குக் கட்டாத கட்டா? நானே கட்டுவேன்" என்றேன். அவர் சொன்னதை ஒன்று விடாமல் திருப்பியும் சொன்னேன். வாய் சொன்னது. மனசு உப்பு என்கிற இடத்தில் நின்றுவிட்டது. நேற்று ஒருத்தர் உப்புத் தண்ணீரால் கழுவினார். இன்று ஒருத்தர் உப்பு கூடவே கூடாது என்கிறார். இரண்டு பேரும் வெள்ளைக் கோட்டுதான். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் என்று ஆகிவிடும், அதுவும் சம்பந்திக்கு முன்னால். கேட்கவில்லை.

*

திண்டிவனத்தில் மகள் வீடு. தேவகி காலையில் கம்பெனி வண்டிக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவாள். இலக்கியா பள்ளிக்கூடம். பகல் முழுக்க நாங்கள் இரண்டு கிழவிகளும் ஒரு மின்விசிறியும்.

நான்காம் நாள் மேல்கட்டைப் பிரித்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணியைச் சுற்றித் தோல் சாம்பல் பூத்த மாதிரி கறுத்திருந்தது. வெள்ளி என்றார்களே, வெள்ளி வெளுப்பாகத்தானே இருக்கும்? சம்பந்தி எட்டிப் பார்த்து, "அழுவுதா சம்மந்தி?" என்றாள். குரல் சின்னப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. மருந்து" என்றேன். எனக்கு என்ன தெரியும்? அந்தத் துணி தோலில் கறை ஏற்றும், அது போய்விடும் என்று பின்னால்தான் சிஸ்டர் சொன்னார்.

பாட்டில் தண்ணீரை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு ருசி உண்டு, மழைத் தண்ணீருக்கு ஒரு ருசி உண்டு. இதற்கு ஒன்றுமில்லை. இந்தத் தண்ணீர் எதை ஆற்றும் என்று நினைத்தேன்.

உப்பளத்தில் ஒருத்திக்குக் கால் வெடித்தால் உப்புத் தண்ணீரில்தான் நிற்போம். எரியும், பல்லைக் கடித்துக்கொள்வோம். அப்படித்தான் என் காலில் ஏழெட்டு வடு ஆறியது. ஆறாமல் போனவர்களும் உண்டு. அந்த நேரத்தில் அவர்கள் என் நினைவுக்கு வரவில்லை. சம்பந்தி சொன்ன 'உப்பளத்துக் காலு'தான் வந்தது. இவள் காலை என் உப்பு ஆற்றட்டும், பிறகு பேசிக்கொள்கிறேன் என்று வந்தது.

அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். சுருக்குப் பையிலிருந்து ஒரு சிட்டிகை கல்லுப்பை எடுத்துப் போட்டேன். ஆற வைத்தேன். பாட்டில் தண்ணீரை அப்படியே மூடி வைத்துவிட்டு, என் தண்ணீரைத் துணியில் தெளித்தேன்.

"எரியுதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியல சம்மந்தி. அந்தக் காலு மரக்கட்ட மாதிரிதான் கீது."

எரிகிறது என்று அவள் கத்தியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. ஆறாம் நாளும் அதையேதான் செய்தேன். கை சுத்தமாகத்தான் கழுவினேன். அந்த இரண்டு நாளும் நான் மிகவும் கவனமாக இருந்தேன். தப்பைக் கவனமாகச் செய்தேன்.

*

எட்டாம் நாள் ரயில். பஸ்ஸை இனி நம்புவதில்லை என்று சம்பந்தி சொல்லிவிட்டாள். ரயிலில் ஏறும்போது அவளுடைய நல்ல காலின் செருப்பு நழுவி, பெட்டிக்கும் மேடைக்கும் நடுவே தண்டவாளத்தில் விழுந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. ஒரு காலில் கட்டு, ஒரு காலில் ஒன்றுமில்லை. எதிரே உட்கார்ந்திருந்த முறுக்கு விற்கிறவர், "கவலப்படாதீங்க, திரும்பி வர்றப்ப அங்கேயேதான் கெடக்கும். ஒத்தச் செருப்ப எவன் எடுப்பான்?" என்று ஆறுதல் சொன்னார்.

என் செருப்பைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன்.

"உங்களுக்கு?"

"உப்பளத்துக் காலு. தார் ரோடு எம்மாத்திரம்?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கரும்பு வெட்டிய வயல் ஒன்று போயிற்று. அதைப் பார்த்தபடியே, "அன்னிக்கு நான் சொன்னது உங்களுக்கு இன்னும் நெனப்பு கீது, இல்ல?" என்றாள்.

"என்னிக்கு?" என்றேன்.

இரண்டு பேருக்குமே தெரியும் என்னிக்கு என்று. முறுக்கு வாங்கித் தின்றோம்.

*

டாக்டரம்மா கட்டைப் பிரித்ததும் எனக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டது. முதல் நாள் இருந்த அதே நாற்றம். சுண்டு விரல் வீங்கிப் பளபளவென்று இருந்தது. டாக்டரம்மா துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார்.

"வீட்டுல எப்படிக் கட்டுனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டாள். "எங்க சம்மந்திய ஒண்ணும் கேக்காதீங்கம்மா. பூவ வச்சிக்கினு பாக்கற மாதிரி பாத்துக்கினாங்க. நீங்க சொன்னது ஒண்ணு கொறையாது. பெத்த மவகூட இந்தக் காலத் தொட மூஞ்சி சுளிப்பா. இவங்க சுளிக்கல. இதோ, அவங்க செருப்பத்தான் நான் போட்டுக்கினு கீறேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நான் எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தை. அது வந்தபோது நான் என் வெறுங்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் சிஸ்டரிடம் மெதுவாகப் பேசினார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். "சுண்டு விரல் எலும்பு கெட்டிருக்கு. சில்வர் துணிக்கு இவங்க புண்ணு கேக்கல போலிருக்கு. அத நிறுத்திடலாம். பக்கத்து விரலுங்களும், பாதத்துல முன்பக்கமும் சேத்து எடுக்க வேண்டியிருக்கும். சர்ஜன்கிட்ட சொல்லிடுங்க."

துணிக்குக் கேட்கவில்லையாம். துணியின் மேல் பழி.

சம்பந்தி படுக்கையில் கால்நீட்டி உட்கார்ந்து, சுவரில் இருந்த கால் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. டாக்டரம்மா அறையை விட்டு வெளியே நடந்தார். நான் வெறுங்காலோடு பின்னாலேயே ஓடினேன். நான் ஓடி எத்தனையோ வருஷம் ஆகிறது.

"டாக்டரம்மா, துணி மேல தப்பு இல்ல."

நின்றார்.

"நான் உப்புத் தண்ணி ஊத்தினேன். ரெண்டு தடவ. உங்க பாட்டில் தண்ணி அப்படியே கீது. வேணும்னா வந்து பாருங்க."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்துகொண்டு, "ஏம்மா ஊத்துனீங்க?" என்றார்.

"திண்டிவனத்துல உப்புத் தண்ணியாலதானே கழுவினாங்க. எனக்குப் புரியல. அதுவும் இல்லாம நாங்க உப்பு வாரவங்க. உப்பு கூடாதுன்னு ஒரு மருந்து இருக்கும்னு என் புத்திக்கு ஏறல."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். கழுவுவதற்கு உப்புத் தண்ணீர் நல்லதுதான், திண்டிவனத்தில் செய்தது தப்பில்லை. ஆனால் சுத்தமாகப் பண்ணிய உப்புத் தண்ணீர் வேறு, பையில் முடிந்த கல்லுப்பு வேறு. இந்தத் துணிக்கு மட்டும் எந்த உப்பும் ஆகாது. துணியிலிருந்து இறங்குகிற வெள்ளியை உப்பு வழியிலேயே பிடித்துக் கட்டிவிடும். கட்டுப்பட்ட வெள்ளியால் கிருமியைக் கொல்ல முடியாது. புண் வெள்ளிக்காகக் காத்திருக்கும், வெள்ளி வந்து சேராது.

"அப்ப என்னாலதானா?" என்றேன்.

"அப்படியும் சொல்ல முடியாதும்மா. அவங்களுக்குச் சர்க்கரையும் ஏறித்தான் இருக்கு. எலும்பு நீங்க வர்றதுக்கு முன்னாடியே கெட்டிருக்கலாம். உங்க உப்பு எவ்வளவு, அவங்க சர்க்கரை எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இப்ப சொன்னீங்களே, அது நல்லது. இந்தத் துணி கேக்குமா கேக்காதான்னு நாங்க இன்னும் பாக்கவே இல்லன்னு ஆச்சு. கெட்டுப்போன விரல மட்டும் எடுத்துட்டு, மத்ததுக்கு மறுபடியும் வெச்சுப் பாக்கலாம்." போகும்போது திரும்பி, "உள்ள இருக்கிறவங்ககிட்ட நான் சொல்லல. அது உங்க விஷயம்" என்றார்.

கை கழுவுகிற இடத்தில் சுருக்குப் பையைப் பிரித்து உப்பு முழுவதையும் கொட்டினேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன். உப்பைக் கொட்டியது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

*

சம்பந்தியை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தோம். கட்டிலுக்குக் கீழே எனக்கு ஒரு பாய். எதிரே இருந்த ஆண்கள் வார்டில் பொம்மையார்பாளையத்து மீனவர் ஒருவர், கையில் மீன் முள் ஏறிப் புண்ணாகி வந்திருந்தார். அவர் மனைவி நல்ல பேச்சுக்காரி. "கடல் தண்ணியில முக்கினா ஆறிடும்னு ஒரு வாரம் முக்கினோம்க்கா. முழங்கை வரைக்கும் ஏறிப் போச்சு" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாக்கா அப்படிப் பாக்கறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, உங்க ஊருல இன்னா மீனு கெடைக்குது?" என்று பேச்சை மாற்றினேன்.

வார்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இட்லி வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் சம்பந்தி சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "அந்த உப்பு முடிச்ச எடுங்க சம்மந்தி. நாக்கே செத்துப் போச்சு" என்று கை நீட்டினாள்.

"கொட்டிப் போச்சு" என்றேன்.

"எங்க?"

"வழியில."

"ஐயே, போயும் போயும் உப்ப வழியில கொட்டுவாங்களா? அதுவும் நீங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதற்கு மறுநாள் சுண்டு விரலை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது, "எத்தினி மிச்சம்?" என்றுதான். "நாலு" என்றேன். "நாலு இருந்தா நடக்கலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தூங்கிய பிறகு போர்வையை விலக்கி எண்ணிப் பார்த்தேன். நாலு. மறுபடியும் எண்ணினேன். நாலுதான்.

பிறகு மறுபடியும் அந்தச் சாம்பல் நிறத் துணி. இந்த முறை சிஸ்டர் என்னையே தண்ணீர் தெளிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். "நீங்கதான் தெளிக்கணும், நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார். பாட்டில் தண்ணீர், சப்புத் தண்ணீர். தெளித்தேன். கை நடுங்கியது. "பாருங்களேன், இப்பத்தான் நடுங்குது" என்றாள் சம்பந்தி, "அத்தினி நாளு தில்லா கட்டினவங்க."

மறுமுறை பிரித்தபோது குழிக்குள் இளஞ்சிவப்பாக, மாதுளம் முத்துப் பதித்த மாதிரி இருந்தது. எனக்குத் திக்கென்றது. சிஸ்டர் கை தட்டினார். சிவப்பு நல்லதாம், புதுச் சதையாம். முதல் முறை கறுப்பைப் பார்த்துப் பயந்தேன், அது வெறும் கறை என்றார்கள். இப்போது சிவப்பைப் பார்த்துப் பயந்தால் சிரிக்கிறார்கள். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று எனக்கு எழுதிக் கொடுத்தால் தேவலை. நாற்றம் போயிருந்தது. அது மட்டும் எனக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது.

*

திண்டிவனத்துக்கு வந்து இரண்டு மாசம் ஆகிறது. குழி மூடிவிட்டது. சம்பந்தி ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் நடக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் காலைக் காட்டுகிறாள். "கண்ணுக்குத் தெரியாத வெள்ளி. எங்க சம்மந்தி கையால கட்டினது" என்கிறாள். தெருவில் யாருக்குப் புண் வந்தாலும் என்னைக் கேட்கச் சொல்கிறாள். போன வாரம் எதிர்வீட்டுப் பெண், குழந்தைக்குச் சுட்ட புண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். நான் என்ன சொல்வேன்? "சிஸ்டராண்ட போ. அவங்க சொல்றதச் செய். புரியலன்னா ஏன்னு கேளு" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த விரல் என் உப்பால் போனதா, அதற்கு முன்பே போனதா? டாக்டரம்மாவுக்கே தெரியாதது எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் விரலுக்குச் சொந்தக்காரி அவள். அவளுக்குத் தெரியாமல் நான் மட்டும் வைத்துக்கொண்டு யோசிப்பது சரியில்லை. நேரில் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும் அவள் என்னைப் புகழ ஆரம்பித்துவிட்டாள். அதனால்தான் எழுதினேன்.

இலக்கியா, இங்கே வா. இந்த நோட்டை எடு. கரும்பாயா மல்லாட்டை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் பார், அவளுக்கு வலது பக்கத்தில் உட்கார். இடது காது அவளுக்கு மந்தம். முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி. என் எழுத்துப் பிழைக்கெல்லாம் சிரிக்காதே. நான்காம் நாள் வரும்போது உனக்கு என் முகத்தைப் பார்க்கத் தோன்றும், பார்க்காதே. எதையும் விடாமல் படித்துக்கொண்டே போ. நான் எழுந்து போகமாட்டேன். இங்கேதான், அவள் காலடியில் உட்கார்ந்திருப்பேன். படி.